கல்லூரி மெயிலுக்கு டூ ஸ்டெப் கட்டாயமாகிறது: அதற்கு முன் ஓடிபி கேட்பதை நாம் நிறுத்த வேண்டும்

சித்தூர்ப்புழை | திங்கள், இரவு 9.12

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, வடகரப்பதி, மீனாட்சிபுரம் பக்கமிருந்து வருகிறார்கள். கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் சிலர் உண்டு. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்தவர்கள் நிறைய.

வரும் செமஸ்டரிலிருந்து கல்லூரி மெயில் ஐடி எல்லாவற்றுக்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும், கட்டாயம் என்று முடிவாகியிருக்கிறது. நானே கேட்டு வாங்கிய முடிவு. நடத்திக் காட்டும் பொறுப்பும் என்னிடமும் இன்னும் இரண்டு ஆசிரியர்களிடமும் வந்திருக்கிறது.

வழக்கமான முறையில் செய்தால் இது பலிக்காது என்றுதான் நினைக்கிறேன். வழக்கமான முறை எல்லாருக்கும் தெரியும். ஆடிட்டோரியத்தில் ஒரு கூட்டம், ஆங்கிலத்தில் ஒரு பிபிடி, மலையாளத்தில் ஒரு சிறப்புரை, வாசலில் 'ஓடிபி யாரிடமும் பகிராதீர்' என்று ஒரு ஃப்ளெக்ஸ். அந்த ஃப்ளெக்ஸைக் கடந்து வகுப்புக்கு வருகிற பிள்ளையிடம் அதே வாரம் கல்லூரியே ஓடிபி கேட்கிறது.

ஏபிசி ஐடி (பிள்ளையின் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் எண்) எடுத்த நாட்களை நினைத்துப் பாருங்கள். டிஜிலாக்கரில் ஆதார் எண்ணைப் போட்டால், ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு ஓடிபி போகும். பிள்ளைகள் திணறுவார்கள், கடைசித் தேதி நெருங்கும். ட்யூட்டர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், 'இப்போ உங்க நம்பருக்கு ஓடிபி வரும், ரெண்டு நிமிஷத்துல எனக்கு பர்சனலா அனுப்புங்க' என்று போடுவார். பிள்ளைகளுக்கு உதவத்தான் செய்கிறார், அதில் சந்தேகமில்லை. ஸ்காலர்ஷிப்புக்கும் பரீட்சைப் பதிவுக்கும் இதே கதைதான். பல கல்லூரிகளில் இதுவே நடைமுறை. மூன்று வருடம் இப்படிப் பழகிய பெண்ணை ஒருவன் கூப்பிட்டு, 'காலேஜ் ஆபீஸ்ல இருந்து பேசறேன், ஓடிபி சொல்லும்மா' என்றால் அவளுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

பாஸ்வேர்டும் அப்படியே. முதல் நாள் கல்லூரி கொடுக்கும் பாஸ்வேர்டு பெரும்பாலும் ரெஜிஸ்டர் எண் அல்லது பிறந்த தேதி. வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்காருபவருக்கு இரண்டும் தெரியும்.

டூ ஸ்டெப்பின் பலன் பற்றி எனக்கு ஐயமே இல்லை. 2019இல் கூகுள், நியூயார்க் பல்கலைக்கழக, கலிஃபோர்னியா பல்கலைக்கழக (சான் டியாகோ) ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்ட கணக்கு இது: வெறும் எஸ்எம்எஸ் குறியீடே தானியங்கித் தாக்குதல்களை 100 சதவீதமும், மொத்தமாக வலை வீசும் ஃபிஷிங்கை (போலி லிங்க் அனுப்பி பாஸ்வேர்டைக் கறப்பது) 96 சதவீதமும் தடுத்தது. ஒருவரைக் குறிவைத்து வரும் தாக்குதலில் அது 76 சதவீதம்தான். போனில் 'ஆம்/இல்லை' கேட்கும் முறையில் அதுவே 90. செக்யூரிட்டி கீ (லாகினுக்கென்றே உள்ள சிறு கருவி) வைத்திருந்தவர்களிடம் மூன்றுமே 100.

ஆனால் அந்த எஸ்எம்எஸ்ஸை அடுத்தவருக்கு வாசித்துக் காட்டும் பழக்கத்தை நாமே ஊட்டிவிட்டு, மேலே டூ ஸ்டெப்பை மாட்டினால் என்ன மிச்சம்? முதலில் ஆசிரியர்களும் அலுவலகமும் ஓடிபி கேட்பதை எழுத்தில் தடை செய்ய வேண்டும். பிறகுதான் பிள்ளைகளிடம் போக வேண்டும். இது என் உறுதியான கருத்து.

சொந்த எண் இல்லாத பிள்ளைகளுக்கு என்ன வழி, யாரை முதலில் சேர்ப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வகுப்பில் உட்கார வைத்துத் தமிழில் சொல்லிக்கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் இன்னும் நல்லது.

---

எருத்தேன்பதி_பிபிஏ | திங்கள், இரவு 9.50

சார், நான் ரெண்டாம் வருசம் படிக்கறனுங்க. உங்க காலேஜ் இல்லீங்க, வேற காலேஜ்.

நீங்க சொன்னது அப்படியே எங்க வீட்டுல நடக்கறதுங்க. என் ஆதார்ல இருக்கறது அப்பா நம்பர். அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார் மில்லுல வேலை. ஷிஃப்டுல இருக்கறப்ப போனை எடுக்க மாட்டாரு. எடுத்தாலும் இங்கிலீஷ் மெசேஜ்ல எது ஓடிபின்னு தெரியாம, அதுல இருக்கற நம்பர் எல்லாத்தையும் வரிசையா படிப்பாரு. ஆதார்ல கடைசி நாலு நம்பர், தேதி, டைம் எல்லாம் சேத்து. அதுக்குள்ள ஓடிபி காலாவதி ஆயிரும், மறுபடி முதல்ல இருந்து.

போன்ல யாராவது கேட்டா நம்பர் படிச்சுச் சொல்லணும், அது புள்ளைக்கு உதவின்னு அவர் மனசுல பதிஞ்சிருச்சுங்க. நாளைக்கு வேற எவனாவது கூப்பிட்டு 'உங்க பொண்ணு ஸ்காலர்ஷிப்புக்கு'ன்னு சொன்னா அவர் படிச்சுருவாரு. எனக்கு அந்த பயம் ரொம்ப நாளா இருக்குங்க.

எங்க கிளாஸ்ல நெறைய பொண்ணுகளுக்குச் சொந்த சிம் கிடையாதுங்க. அண்ணன் போன், அம்மா போன்தான். சிலர்கிட்ட கேரளா சிம் ஒண்ணு, தமிழ்நாடு சிம் ஒண்ணு இருக்கும், ரெண்டுல ஒண்ணுக்கு எப்பவும் ரீசார்ஜ் இருக்காது.

சிம் இல்லாம டூ ஸ்டெப் போட முடியுமாங்க?

---

நவக்கரை_சிஸ்டம்ஸ் | திங்கள், இரவு 10.35

முடியும்மா, தாராளமா முடியும். சித்தூர்ப்புழை சாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வாளையாருக்கு இந்தப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் நெட்வொர்க், சர்வர் எல்லாம் என் பொறுப்பு. இதே வேலையை முடித்தவன்.

சிம் இல்லாத பிள்ளைக்கு ஆத்தென்டிகேட்டர் ஆப்தான் சரி. அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு முறை புரிந்தால் பயம் போய்விடும். டூ ஸ்டெப் போடும்போது திரையில் ஒரு க்யூஆர் வரும். அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. ஆப் அதை ஸ்கேன் செய்ததும் அதே சாவி சர்வரிலும் இருக்கும், போனிலும் இருக்கும். அதன் பிறகு இருவரும் அந்தச் சாவியையும் அந்த நிமிடத்து நேரத்தையும் வைத்துத் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒரு முறை ஆறு இலக்க எண்ணை உண்டாக்குகிறார்கள். இரண்டும் பொருந்தினால் உள்ளே விடும். இந்த முறை 2011இல் ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. இதற்கு சிம் வேண்டாம், டவர் வேண்டாம், நெட்டும் வேண்டாம். ரீசார்ஜ் தீர்ந்த பழைய போனிலும் ஓடும்.

நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். எங்களிடம் 'கோட் தப்புன்னு வருது சார்' என்று வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் போனில் நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள். விளையாட்டு ஆப்பில் சீக்கிரம் உயிர் வருவதற்காக நேரத்தை முன்னே தள்ளுகிறார்கள். செட்டிங்ஸில் 'தானியங்கி நேரம்' போட்டதும் சரியாகிவிடும்.

அடுத்தது பேக்கப் கோட். கூகுள் கணக்கில் எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் தரும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் செல்லும். அதை அங்கேயே ப்ரிண்ட் போட்டு அந்தப் பிள்ளை கையில் கொடுங்கள். போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தால் போன் தொலையும்போது அதுவும் சேர்ந்தே போகும். போனே இல்லாத பிள்ளைக்கு இந்தத் தாள்தான் டூ ஸ்டெப். தீரத் தீரப் புதுத் தாள் எடுத்துக்கொள்ளலாம்.

வரிசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெயில் கன்சோலில் (எல்லாக் கணக்கையும் நிர்வகிக்கும் பக்கம்) முழு அதிகாரம் உள்ள சூப்பர் அட்மின் யார் யாரோ, அவர்கள் முதலில். சூப்பர் அட்மின் குறைந்தது இருவர் இருக்கட்டும். ஒருவர் போன் தொலைந்தால் கல்லூரி முழுக்க வெளியே நிற்கக் கூடாது. பிறகு பரீட்சைப் பிரிவு, கணக்குப் பிரிவு, முதல்வர் அலுவலகம். பிறகு ஆசிரியர்கள். பிள்ளைகள் கடைசி. அவர்களையும் துறை துறையாகப் பிரித்து, துறைக்கு ஒரு தேதி கொடுங்கள். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று கன்சோலிலேயே அறிக்கை கிடைக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாஸ்வேர்டு மாற்றச் சொல்லும் விதி உங்கள் கல்லூரியில் இருந்தால் இதோடு சேர்த்து அதையும் எடுத்துவிடுங்கள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே காரணமில்லாமல் அப்படி மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டது. பிள்ளைகள் பேருக்குப் பின்னால் 123 போட்டதை 124 ஆக்குவார்கள், அவ்வளவுதான். நீளமான ஒரு பாஸ்வேர்டு, கசிந்தது தெரிந்தால் உடனே மாற்றம், அதுவே போதும்.

---

களியக்காவிளை_நூலகம் | செவ்வாய், காலை 7.20

தெக்கே இருந்து ஒரு நூலகர். எங்க கல்லூரியில படிக்கிற பிள்ளைய பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் உண்டு. மலையாளமும் தமிழும் கலந்துதான் எல்லாம்.

நூலகத்துல பொது கம்ப்யூட்டர் வச்சிருக்கோம். சாயங்காலம் பூட்டப் போகும்போது ஒவ்வொண்ணா பாத்தா, எதாவது ஒரு பிள்ளைக்க மெயில் திறந்தபடியே கெடக்கும். டிரைவ்ல ஆதார், பத்தாம் கிளாஸ் மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக்கு முதல் பக்கம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எல்லாம் ஒரே ஃபோல்டர்ல. ஸ்காலர்ஷிப்புக்காக ஸ்கேன் பண்ணி ஏத்தினது. அதுக்கு முன்ன உக்காந்து எவன் வேணும்னாலும் எடுத்துட்டுப் போவலாம். பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

டூ ஸ்டெப் போட்ட பிறகும் இந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும், கேட்டியளா. 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பு, மறுபடி கேக்காதே'ன்னு ஒரு டிக் வருமே, பிள்ளைய கண்ணை மூடிட்டு அதை அடிக்கும். பொது கம்ப்யூட்டர்ல அதை அடிச்சா டூ ஸ்டெப் போட்டதே வீண்.

நாங்க செஞ்சது: எல்லாத்துலயும் பிரவுசரை கெஸ்ட் மோட்லயே திறக்க மாதிரி வச்சாச்சு. ஜன்னலை மூடினா உள்ள இருந்த கணக்கும் வெளிய வந்துரும். செலவு ஒண்ணும் இல்ல. உங்க லேப்லயும் டூ ஸ்டெப்புக்கு முந்தியே இதைச் செய்யுங்க.

---

ஓய்வுபெற்ற_மாஷ் | செவ்வாய், காலை 10.05

மாறுபட்ட கருத்து ஒன்று சொல்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தாலுகாவில் பாடம் நடத்தியவன்.

கல்லூரி மெயிலில் அப்படி என்ன இருக்கிறது? அசைன்மெண்ட், டைம் டேபிள், சுற்றறிக்கை. அதைக் காப்பாற்ற இவ்வளவு ஏற்பாடா? மில் தொழிலாளி மகளும் தோட்டத் தொழிலாளி மகனும் இப்போதே ஆப்புக்கு மேல் ஆப் சுமக்கிறார்கள். பரீட்சை அன்று ஹால் டிக்கெட் எடுக்கப் போய், போன் சார்ஜ் இல்லாமல் உள்ளே நுழைய முடியாமல் ஒரு பிள்ளை நின்றால் யார் பொறுப்பு? பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள்.

---

சித்தூர்ப்புழை | செவ்வாய், பிற்பகல் 1.40

மாஷ், கேட்க வேண்டிய கேள்வி. மதிப்போடு பதில் சொல்கிறேன்.

கல்லூரி மெயிலில் என்ன இருக்கிறது என்பதை நூலகர் அக்கா காலையிலேயே எழுதிவிட்டார். ஆதாரும் பாஸ்புக்கும் மார்க் ஷீட்டும் அங்கேதான் இருக்கின்றன. அதற்கும் மேல் ஒன்று உண்டு. பிள்ளை வேறு எந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கினாலும் இந்த மெயிலைத்தான் கொடுத்திருக்கும். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் புது பாஸ்வேர்டுக்கான லிங்க் இங்கேதான் வரும். மெயில் போனால் அதன் பின்னால் எல்லாமே போகும். கல்லூரி முகவரியிலிருந்து வருகிற மெயிலை மற்ற பிள்ளைகள் சந்தேகப்படவும் மாட்டார்கள். ஒரு கணக்கைப் பிடித்தவன் அதிலிருந்து வகுப்பு முழுக்கப் பொய் லிங்க் அனுப்புவான்.

பழக்கம் புதிதும் அல்ல. கார்டில் இணைய வழியாகப் பணம் கட்ட இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதலே கட்டாயமாக்கியது. யுபிஐயில் பணம் அனுப்பும்போதும் பெரும்பாலும் பதிவு செய்த போன் ஒன்று, பின் நம்பர் இரண்டு என்று இரண்டையும் காட்டுகிறோம். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் காய் விற்கும் அம்மாவுக்கும் அது கைவந்த விஷயம்.

பாரம் பற்றிச் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். அதனால்தான் பேக்கப் தாளைக் கல்லூரியே அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்கிறேன். பரீட்சை நாட்களில் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து, அடையாள அட்டையை நேரில் பார்த்து, அட்மின் வழியாக ஒரு பேக்கப் கோட் எடுத்துக் கொடுக்க ஏற்பாடு வேண்டும். நேரில் மட்டும். போனில் கூப்பிட்டுக் கேட்டால் தரக் கூடாது, முதல்வரே கூப்பிட்டாலும்.

---

ஓய்வுபெற்ற_மாஷ் | செவ்வாய், பிற்பகல் 2.15

அந்த ஏற்பாடு எழுத்தில் வருமானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பரீட்சை நாள் உதவி மேசையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

---

கிளை_கவுண்டர் | செவ்வாய், இரவு 8.30

எல்லைப் பக்க ஒரு வங்கிக் கிளையில் வேலை. எந்த வங்கி என்பது வேண்டாம்.

விழிப்புணர்வுக் கூட்டங்களில் சொல்லாமல் விடுகிற ஒன்றை எழுதுகிறேன். பிள்ளைகளிடம் பணம் திருடுவதை விட, பிள்ளைகளின் கணக்கை வாடகைக்கு எடுப்பதுதான் இப்போது பெரிய தொல்லை. 'உன் அக்கவுண்ட்டுல பணம் வரும், எடுத்துக் கொடு, உனக்கு கமிஷன்' என்று சீனியரோ, டெலிகிராமில் பழகியவனோ கேட்கிறான். ஏடிஎம் கார்டும், சிம்மும், பாஸ்புக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பணம் வேறெங்கோ ஒரு வயதானவரை ஏமாற்றி எடுத்தது. போலீஸ் பணம் போன தடத்தைப் பிடித்தால் முதலில் நிற்பது இந்தப் பிள்ளையின் பெயர். கணக்கு முடக்கம், பிறகு வழக்கு. கவுண்டருக்கு முன்னால் தாயும் பிள்ளையுமாக நின்று, 'ஸ்காலர்ஷிப் பணம் எடுக்க முடியலீங்க' என்று அழுததைப் பார்த்திருக்கிறேன். கணக்கு ஏன் முடங்கியது என்று அந்தத் தாய்க்கு அதுவரை தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்திருந்தது, வாய் திறக்கவில்லை. தயவுசெய்து இதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

ஓடிபி விஷயத்தில் விதி இதுதான். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த மோசடியை 3 வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. ஆனால் அவரே ஓடிபியோ பாஸ்வேர்டோ கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் அவர் தலையில்தான். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டு நேரம் கடத்தாமல் உடனே 1930க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்தினால்தான் மீட்க வழி உண்டு.

---

கோபாலபுரம்_டூ_காலேஜ் | செவ்வாய், இரவு 9.05

இதுல எனக்கொரு சந்தேகம்ங்க. வீடு தமிழ்நாட்டுல, காலேஜ் கேரளாவுல, பேங்க் கணக்கும் கேரளாவுல. என் கூடப் படிக்கறவனுக்கு வாட்ஸ்அப் ஹேக் ஆகி, அவன் பேருல கிளாஸ் குரூப்புல பணம் கேட்டாங்க. ரெண்டு பேர் அனுப்பிட்டாங்க. ஸ்டேஷனுக்குப் போனா 'அந்தப் பக்கம் போ'ன்னாங்க, அந்தப் பக்கம் போனா 'நீ குடியிருக்கற ஊருக்குப் போ'ன்னாங்க. எங்கதான் குடுக்கறதுங்க?

---

நீதிமன்ற_வாசல் | செவ்வாய், இரவு 10.20

எங்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் தம்பி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் காவல் நிலையம் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்பது இதுதான். பதிந்துவிட்டு அவர்கள்தான் உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். மின்னணு வழியில் புகார் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

பணம் போயிருந்தால் ஸ்டேஷனுக்கு ஓடுவதற்கு முன் 1930. அது நாடு முழுவதற்குமான எண், எந்த மாநிலத்தில் நின்றும் கூப்பிடலாம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். பணம் அனுப்பிய இரண்டு பேரும் தங்கள் பெயரில் தனித்தனியாகப் புகார் கொடுக்க வேண்டும், யுபிஐ பரிவர்த்தனை எண்ணோடு.

அடுத்தவரின் பாஸ்வேர்டையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் தரக்கூடிய குற்றம். தோழியின் மெயிலுக்குள் விளையாட்டாக நுழைகிற பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

அந்தப் பையனை வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் பின் போடச் சொல்லுங்கள். அதுவும் ஆறு இலக்கம்தான். எஸ்எம்எஸ் குறியீட்டை யாரோ கறந்துவிட்டாலும் அந்தப் பின் நம்பர் தெரியாமல் வேறு போனில் கணக்கை உடனே திறக்க முடியாது.

---

நகரி_புத்தூர் | புதன், காலை 8.10

ஆந்திரா எல்லையிலிருந்து. வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கும் ஆங்கிலமும்.

எங்கள் கல்லூரியில் போனில் 'ஆம்/இல்லை' கேட்கும் முறையைப் போட்டார்கள். ஒரு பேராசிரியருக்கு நள்ளிரவில் 'நீங்கள்தானா?' என்று அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்ததாம். யாரோ பாஸ்வேர்டைப் பிடித்துவிட்டுத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர் போனை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார், தப்பித்தது. தூக்கக் கலக்கத்தில் 'ஆம்' தட்டியிருந்தால் முடிந்தது.

2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு விடாமல் அனுமதிக் கோரிக்கை அனுப்பி, பிறகு வாட்ஸ்அப்பில் 'ஐடி பிரிவிலிருந்து பேசுகிறேன், ஆம் என்று கொடு' என்று சொல்லி வாங்கிவிட்டார்கள். அதன் பிறகுதான் திரையில் தெரியும் எண்ணைப் போனில் பொருத்திக் காட்டும் முறை பரவியது. மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதம் அதைத் தன் ஆப்பில் எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. உங்கள் கல்லூரியில் இந்த முறையைப் போடுவதாக இருந்தால், 'நீ லாகின் பண்ணாத நேரத்தில் கேட்டால் இல்லை என்று தட்டு, உடனே பாஸ்வேர்டை மாற்று' என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொடுங்கள்.

---

நவக்கரை_சிஸ்டம்ஸ் | புதன், காலை 11.25

நகரிக்காரர் சொன்னதோடு சேர்த்து இரண்டு சங்கதி.

ஆப் எண்ணையும் திருடலாம். போலி லாகின் பக்கம் போட்டு, பிள்ளை அங்கே தட்டுகிற பாஸ்வேர்டையும் ஆறு இலக்கத்தையும் அந்த நொடியே உண்மையான தளத்தில் தட்டி உள்ளே போய்விடுவார்கள். 30 விநாடி அவர்களுக்குப் போதும். இதற்கு விடை பாஸ்கீ அல்லது செக்யூரிட்டி கீ. அவை தள முகவரியோடு கட்டுண்டவை. முகவரியில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சாவி வேலை செய்யாது, பிள்ளை ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. பாஸ்கீக்குக் காசு இல்லை, போனின் கைரேகையோ திரைப் பூட்டோ போதும். கூகுள் கணக்குகளில் 2023 மே முதல் வந்துவிட்டது. கையில் பிடிக்கும் கீ சில ஆயிரம் ரூபாய் ஆகும், எல்லாருக்கும் வாங்க முடியாது. பரீட்சைப் பிரிவுக்கும் சூப்பர் அட்மினுக்கும் மட்டும் வாங்குங்கள், அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இன்னொன்று ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப் நிறுவும் கோப்பு. 'உங்க வண்டிக்கு இ-சலான்' என்றும் கல்யாணப் பத்திரிகை என்றும் வாட்ஸ்அப்பில் வருகிற கோப்பை நிறுவினால், அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓடிபி எல்லாம் நேராக அவனுக்கு. யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை. க்ராக் செய்த எடிட்டிங் சாஃப்ட்வேரும் அதே ஆபத்துதான், லாகின் ஆன பிரவுசரின் குக்கியை (லாகினை நினைவில் வைக்கும் சிறு பதிவு) தூக்கிக்கொண்டு போகும், டூ ஸ்டெப் கேட்காமலே உள்ளே நுழைவார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு 'அப்போ எஸ்எம்எஸ் எதற்கும் உதவாது' என்று யாரும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வேறு வழியே இல்லாத பிள்ளைக்கு எஸ்எம்எஸ்ஸாவது போடுங்கள். ஒன்றும் இல்லாமல் இருப்பதை விட அது எவ்வளவோ மேல்.

---

சித்தூர்ப்புழை | புதன், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. இன்று முதல்வரிடம் பேசிவிட்டேன். ஆசிரியர்களும் அலுவலகமும் மாணவரிடம் ஓடிபி கேட்கக் கூடாது என்ற சுற்றறிக்கை இந்த வாரமே போகிறது. ஏபிசி ஐடி, ஸ்காலர்ஷிப் வேலைகளுக்கு வீட்டு போனோடு பெற்றோரும் வரும்படி சனிக்கிழமைகளில் லேப் திறந்து வைக்கிறோம். மாணவர் தன் கையால் தட்டுவார், ஆசிரியர் பக்கத்தில் நின்று வழி சொல்வார். வர முடியாத பெற்றோருக்கு, ஆதாரில் பிள்ளையின் எண்ணை மாற்றிக்கொள்ளும் வழியைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

வகுப்பில் வாசிக்க ஒரு அறிவிப்பு எழுதியிருக்கிறேன். திருத்திக் கொடுங்கள்:

"உங்கள் கல்லூரி மெயிலைத் திறக்க இனிமேல் பாஸ்வேர்டோடு இன்னொன்றும் கேட்கும். அது உங்கள் போனில் இருக்கும் ஆப் காட்டும் எண்ணாக இருக்கலாம், கைரேகையாக இருக்கலாம், நாங்கள் தரும் தாளில் உள்ள எண்ணாக இருக்கலாம். அந்தத் தாளை வீட்டில் மார்க் ஷீட் வைக்கும் இடத்தில் வையுங்கள். அந்த எண்ணையும் ஓடிபியையும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். போன் தொலைந்தால் அடையாள அட்டையோடு லேபுக்கு நேரில் வாருங்கள். தவறாக எதையாவது அழுத்திவிட்டால் ஒளிக்காமல் அன்றே வந்து சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டோம். பணம் போனால் உடனே 1930."

---

எருத்தேன்பதி_பிபிஏ | புதன், இரவு 9.48

சார், 'யார் கேட்டாலும்'ன்னு போட்டா புள்ளைங்க வெளியாளுன்னுதான் நெனைப்பாங்க. 'ஆசிரியர் கேட்டாலும், ஆபீஸ்ல கேட்டாலும், சீனியர் கேட்டாலும்'னு பேர் சொல்லியே எழுதுங்க. அப்பா அம்மாவுக்கும் தனியா ஒரு தாள் குடுங்க, பெரிய எழுத்துல. எங்க அப்பா மாதிரி ஆளுகளுக்கு அதுல 'போனில் நம்பர் படித்துச் சொல்லாதீர்கள், மகள் நேரில் வந்தால் போனைக் கையில் கொடுங்கள்'னு ரெண்டே வரி போதும்ங்க.

---

களியக்காவிளை_நூலகம் | புதன், இரவு 10.02

பொது கம்ப்யூட்டர்ல 'நம்பு' டிக் போடாதேன்னு ஒரு வரி சேர்க்கணும். மலையாளத்துலயும் அதே தாளை அடியுங்க, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே தாள்னா யாரும் விட்டுப்போவாது.

---

கிளை_கவுண்டர் | புதன், இரவு 10.10

'கணக்கையும் சிம்மையும் யாருக்கும் வாடகைக்குத் தராதே' என்பதும் வேண்டும்.

---

சித்தூர்ப்புழை | வியாழன், காலை 6.50

மூன்றும் சேர்த்தாயிற்று. பெற்றோருக்கான தாள் தனியாக, தங்கை சொன்ன அதே சொற்களில். மலையாளப் பக்கத்தை எங்கள் மலையாளத் துறை டீச்சர் எழுதித் தருகிறார். அடுத்த வாரம் சூப்பர் அட்மினும் பரீட்சைப் பிரிவும், அதற்கடுத்த வாரம் ஆசிரியர்கள். முதல் மாணவர் கூட்டமாக எங்கள் துறை இரண்டாம் ஆண்டு.

ஒரே கேள்வி மிச்சம். மதியத்துக்கு மேல் வைத்தால் கோபாலபுரம், வேலந்தாவளம் பஸ் பிடிக்கிற பிள்ளைகள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். நவக்கரை சார், ஒரு வகுப்புக்கு எவ்வளவு நேரம் ஆனது உங்களுக்கு?

---

நவக்கரை_சிஸ்டம்ஸ் | வியாழன், காலை 7.30

அறுபது பேர் வகுப்புக்கு இரண்டு பீரியட் வையுங்கள். க்யூஆர் ஸ்கேன் செய்வது சீக்கிரம் முடியும், பேக்கப் தாள் அச்சடிக்கும் இடத்தில்தான் வரிசை நிற்கும். இரண்டு ப்ரிண்டர் போடுங்கள். ஒரு முறை வெளியே வந்து மறுபடி லாகின் செய்து காட்டிய பிறகே பிள்ளையை அனுப்புங்கள். காலை முதல் இரண்டு பீரியட் என்றால் போன் சார்ஜும் இருக்கும்.